ஸ்போர்ட்ஸ் கோட்டாவா, ஸ்போர்ட்ஸ் சீட்டா? பிளஸ் டூ முடித்த ஓட்டக்காரிக்கு எந்தக் கல்லூரி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே அக்காவிடமிருந்து போன். மகள் 600-க்கு 541. பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு 179. இது மார்க் ஷீட் சொல்வது. இதே பிள்ளைக்கு இன்னொரு ஃபைலும் உண்டு: 400 மீட்டர் தடை ஓட்டத்தில் மாநில அளவில் வெள்ளி, தேசிய ஜூனியர் போட்டியில் இறுதிச் சுற்று வரை போய் ஆறாவது இடம். "நீதானேடா காலேஜ்ல ஓடினவன், நீயே சொல்லு, இவளை எதுல சேர்க்கறது?"

ஓடினவன்தான். 800 மீட்டர். இருபது வருடத்துக்கு முன் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்தபடியே ஓடினேன். பல்கலைக்கழக அளவில் ஒரு வெண்கலமும் மூன்று அரியரும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஆலோசனை சொல்லத் தகுதி இருக்கிறதோ இல்லையோ, தழும்பு இருக்கிறது. அந்த நம்பிக்கையில் அடுத்த மூன்று வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்தேன். அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஊரில் எல்லாரும் "ஸ்போர்ட்ஸ் கோட்டா" என்று ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு வேறு சமாச்சாரங்கள். ஒன்று, அரசு ஒதுக்கீடு. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் தனியாக உண்டு. மற்றொன்று, ஒரு கல்லூரி தன் அணிக்கு ஆள் சேர்க்கத் தானாகவே கொடுக்கும் இலவச இடம். கோட்டாவில் உள்ளே விடுவது அரசாங்கம். சீட்டுக்குக் கூப்பிடுவது அந்தக் கல்லூரியின் பி.டி. சார். கோட்டாவில் சேர்ந்த பிள்ளை நாளைக்கே ஓட்டத்தை நிறுத்தினாலும் இடம் போகாது. சீட்டில் சேர்ந்த பிள்ளை நிறுத்தினால் ஃபீஸ் ரசீது வீட்டுக்கு வரும். மற்ற லாப நஷ்டமெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து கிளைப்பவைதான்.

கோட்டா: கதவு திறக்கும், டைம்டேபிள் திறக்காது

பொறியியல் கலந்தாய்வில் மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகள், விளையாட்டு வீரர்கள் ஆகியோருக்கான சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடந்துவிடும். விளையாட்டுப் பிரிவில் தரவரிசை போடுவது சான்றிதழை வைத்து. சர்வதேசப் போட்டி மேலே, தேசியப் போட்டி அதற்குக் கீழே, மாநிலம் அதற்கும் கீழே. உள்ளூர் டிரஸ்ட் நடத்திய ஓபன் டோர்னமென்ட்டில் வாங்கிய ஆளுயரக் கோப்பை ஷோகேஸுக்கு அழகு, இங்கே செல்லாது. அங்கீகரிக்கப்பட்ட சங்கம் உரிய படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம்தான் செல்லும். அந்தக் கையெழுத்துக்காக ஒரு வாரம் சங்கத்துச் செயலாளரைத் துரத்தினோம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். பிளஸ் ஒன் படிக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

இந்த 500 இடங்களைப் பார்த்து ஏங்குகிறவர்கள் மருத்துவத்தையும் விசாரிக்கிறார்கள். அங்கே மொத்தமே 7 எம்.பி.பி.எஸ். இடங்கள்தான், நீட்டும் எழுதித் தேற வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2024-25 கல்வியாண்டிலிருந்து விளையாட்டுச் சாதனையாளர்களுக்கென்று ஒவ்வொரு இளநிலைப் பாடப்பிரிவிலும் இரண்டு கூடுதல் இடங்கள் வைத்திருக்கிறது, அதில் ஒன்று பெண்களுக்கு. ஆனால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசையில் பெயர் வந்திருக்க வேண்டும். கடைசி நான்கு வருடத்தில் தேசிய அல்லது சர்வதேசப் பதக்கமும் வேண்டும். அட்வான்ஸ்டுக்குப் படித்துக்கொண்டே தேசியப் பதக்கம் வாங்கிய பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டு அங்கே போகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இல்லை.

சரி, கோட்டாவில் இடம் கிடைத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அப்புறம்தான் விஷயமே. அந்த இடத்தைக் கொடுத்தது அரசு. கல்லூரிக்கும் உங்கள் ஓட்டத்துக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. வகுப்பில் அறுபது பேரில் ஒருத்தி, அவ்வளவுதான். வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். அண்ணா பல்கலைக்கழக விதிகளில் ஒரு சலுகை உண்டு: உடல்நலக் குறைவாலோ விளையாட்டுப் போட்டியாலோ 65-க்கும் 75-க்கும் இடையில் நிற்பவர்களைச் சான்றிதழின் பேரில் தேர்வெழுத விடலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது தேர்வு ஹாலுக்குள் போக அனுமதி, அவ்வளவே. விட்டுப்போன லேப், எழுதாத இன்டர்னல், முடிக்காத ரெக்கார்ட் நோட்டு எல்லாம் அப்படியே காத்துக்கொண்டிருக்கும்.

மூன்றாம் வருடம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஜோனல் மீட்டுக்கு நான்கு நாள் போக வேண்டும். ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது கல்லூரி வேலையாக வெளியே போன நாள்) படிவத்தில் பி.டி. சார், வகுப்பு ஆலோசகர், துறைத் தலைவர், முதல்வர் என நான்கு கையெழுத்து. நான்கும் வாங்கி, ஓடி, தோற்று, திரும்பி வந்தால் இரண்டாவது இன்டர்னல் முடிந்திருந்தது. மறுதேர்வு கேட்டேன். துறைத் தலைவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓ.டி.ன்னா ஆப்சென்ட் போடமாட்டோம்ப்பா. மார்க் போடுவோம்னு இதுல எங்க இருக்கு?" அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. மூன்று அரியரில் ஒன்று அப்படி வந்தது. மற்ற இரண்டும் என் சொந்த உழைப்பு.

ஆகவே பொறியியல் கல்லூரி பார்க்கப் போகிறவர்கள் பிளேஸ்மென்ட் பேனரைப் பார்ப்பதற்கு முன் இரண்டு விஷயத்தை விசாரியுங்கள். ஒன்று, தன்னாட்சிக் கல்லூரியா? தன்னாட்சி என்றால் வினாத்தாளும் தேர்வுத் தேதியும் அவர்கள் கையில். போட்டிக்குப் போன பிள்ளைக்கு இன்னொரு நாள் தேர்வு வைக்க மனசு இருந்தால் வழியும் இருக்கும். சாதாரண இணைப்புக் கல்லூரியில் செமஸ்டர் தேதி பல்கலைக்கழகத்தின் கையில்; முதல்வரே நினைத்தாலும் நகர்த்த முடியாது. அப்படி ஒரு விதி எழுத்தில் இருக்கிறதா, கடைசியாக யாருக்கு அப்படித் தேர்வு வைத்தீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் மௌனம் நிறையச் சொல்லும்.

இரண்டாவது, பஸ். சென்னையைச் சுற்றியுள்ள பல பொறியியல் கல்லூரிகள் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில். கல்லூரிப் பஸ் ஆறேகாலுக்கு ஸ்டாப்பில் நிற்கும். காலைப் பயிற்சி அங்கேயே செத்தது. மாலை ஐந்துக்குக் கிளம்பி ஆறரைக்கு இறங்கினால் கிரவுண்டு போய்ச் சேர ஏழு. தடை ஓட்டத்துக்குத் தடைகளை எடுத்து வைக்க வேண்டும், வெளிச்சம் வேண்டும், பார்த்துச் சொல்ல கோச் வேண்டும். ஏழு மணிக்கு மூன்றும் கிடைப்பது அதிர்ஷ்டம். படிப்பும் விளையாட்டும் சேர்ந்து போகாது என்று வீட்டில் சொல்கிறார்களே, சேர்ந்து போகாதது பெரும்பாலும் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரப் பஸ்தான்.

உடனே யாராவது அஸ்வின் என்பார்கள். எஸ்.எஸ்.என். கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படித்தவர். கிரிக்கெட் ஸ்ரீகாந்தும் வெங்கட்ராகவனும் கிண்டிப் பொறியியல் கல்லூரிக்காரர்கள். டேபிள் டென்னிஸ் சத்தியன் பொறியாளர். வருண் சக்கரவர்த்தி கட்டடக்கலை படித்து, அந்த வேலையும் பார்த்து, அப்புறம் கிரிக்கெட்டுக்குத் திரும்பியவர். எல்லாம் உண்மை. ஆனால் கரை ஏறியவர்கள்தான் நீச்சல் கதை சொல்வார்கள். தவிர, விளையாட்டுக்கு விளையாட்டு கணக்கு வேறு. டேபிள் டென்னிஸை இரவு ஒன்பது மணிக்கு ஹாலில் விளக்குப் போட்டு ஆடலாம். சதுரங்கத்துக்கு லேப்டாப் போதும். தடகளத்துக்கும் நீச்சலுக்கும் அந்த வசதி இல்லை: குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட நேரம், பக்கத்தில் ஆள். எங்கள் பெண் எந்த விளையாட்டில் இருக்கிறாள் என்பதைத்தான் முதலில் எடைபோட வேண்டியிருந்தது. எந்தப் பாடம் என்பது அடுத்து.

சீட்டு: கூப்பிட்டவர்களுக்கு உங்களிடம் வேலை இருக்கிறது

கலை அறிவியல் கல்லூரிகளுக்கு வருவோம். சென்னை, கோவை, மதுரை, திருச்சி என எல்லா ஊரிலும் விளையாட்டுக்குப் பெயர் வாங்கிய கல்லூரிகள் சில உண்டு. ஃபீஸ் இல்லை, ஹாஸ்டல் கட்டணம் இல்லவே இல்லையென்று சொல்லும் அளவுக்குச் சலுகை, மெஸ்ஸில் தனியாக முட்டை, பால். விஸ்வநாதன் ஆனந்த் லயோலாவில் பி.காம். படித்தவர் என்பதை இந்தப் பக்கம் வாதிடுகிறவர்கள் மறக்காமல் சொல்வார்கள்.

இந்த வழியின் பெரிய பலத்தை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை: ஷிஃப்ட். நிறையக் கல்லூரிகளில் முதல் ஷிஃப்ட் காலை எட்டரை வாக்கில் தொடங்கி மதியம் ஒன்றரைக்குள் முடிந்துவிடும். ஐந்தரைக்கு கிரவுண்டு, எட்டேகாலுக்கு வகுப்பு, ஒன்றரைக்குச் சாப்பாடு, ஒரு தூக்கம், நான்கு மணிக்கு மறுபடி கிரவுண்டு. இரவு எட்டிலிருந்து பத்து வரை படிக்க நேரம் இருக்கிறது, கண்ணும் திறந்திருக்கும். ஓடுகிறவர்களுக்கு மதியத் தூக்கம் ஒரு பாடவேளைக்குச் சமம் என்பதை எந்தப் பெற்றோரும் நம்புவதில்லை. இரண்டாவது ஷிஃப்டில் போட்டால் கதை மாறிவிடும். மாலை ஆறு, ஆறரை வரை வகுப்பு. கல்லூரிகளைத் தரம் பார்க்கும் நாக் அமைப்பு என்ன கிரேடு கொடுத்தது என்பதைவிட எந்த ஷிஃப்ட் என்பது முக்கியம்.

ஆபத்துகளும் உண்டு. கல்லூரிக்குத் தேவை பாயிண்ட். ஒட்டுமொத்தச் சாம்பியன்ஷிப் கோப்பையை வெல்ல ஒவ்வொரு போட்டியிலும் இத்தனை இடம், இத்தனை பாயிண்ட் என்று கணக்கு ஓடும். தடை ஓட்டக்காரியை 400, 4x100, 4x400 எல்லாவற்றிலும் இறக்குவார்கள். ஆள் குறைந்தால் நீளம் தாண்டச் சொல்வார்கள். ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி வரை கல்லூரிகளுக்கு இடையிலான மீட் வரிசையாக வரும். எதற்கும் முழுத் தயாரிப்பு இருக்காது, எல்லாவற்றுக்கும் ஓட வேண்டும். தொடைத் தசை கிழிவது இப்படித்தான். கிழிந்தால் என்ன ஆகும்? அங்கேதான் இரண்டாவது ஆபத்து. பல இடங்களில் இலவசம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவது. சேரும்போது வாய்வார்த்தையாக "மூணு வருஷமும் ஃப்ரீதாம்மா" என்பார்கள்.

மூன்றாவது, பாடப்பிரிவு. எது காலியாக இருக்கிறதோ அதில் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கணக்கில் 96 வாங்கிய பெண்ணுக்கு ஒரு கல்லூரியில் "பி.ஏ. ஹிஸ்டாரிக்கல் ஸ்டடீஸ் இருக்கு, ஆள் வராத பிரிவு, அட்டெண்டன்ஸ் தொந்தரவே இருக்காது" என்றார்கள். வரலாறு படிப்பதில் குறைவொன்றுமில்லை. அட்டெண்டன்ஸ் தொந்தரவு இருக்காது என்று அதை விற்றதில்தான் எனக்குக் கோபம். படிக்கத் தெரிந்த பிள்ளையை ஓட மட்டும் வா என்று கூப்பிடுவது, ஓடத் தெரிந்த பிள்ளையை உட்கார்ந்து படி என்று சொல்வதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

நான்காவதாகப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு கேள்வி: ஹாஸ்டல் கேட் எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்கு மூடும்? ஒரு கல்லூரியில் சிந்தெட்டிக் டிராக்குக்கு நடந்தே போகலாம். ஆனால் பெண்கள் விடுதி காலை ஆறுக்குத் திறந்து மாலை ஆறரைக்கு மூடுகிறது. வார்டனிடம் கேட்டோம். "பி.டி. மேடம் லெட்டர் குடுத்தா பார்க்கலாம்" என்றார். பி.டி. மேடத்திடம் கேட்டோம். "வார்டன் ஒத்துக்கிட்டா லெட்டர் குடுக்கறேன்" என்றார். அந்தக் கல்லூரிப் பெயரை அங்கேயே பட்டியலிலிருந்து அடித்தோம்.

மற்ற வழிகள்

உடற்கல்விப் படிப்பு பற்றிச் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. 1920-லிருந்து இருக்கிறது, சென்னைக்கு வெளியே மேலக்கோட்டையூரில் இதற்கென்றே பல்கலைக்கழகம் இருக்கிறது, வாசலில் டிராக். பயிற்சியாளராகவோ உடற்கல்வி ஆசிரியராகவோ ஆக வேண்டும் என்று மனதில் தீர்மானம் இருந்தால் இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் பி.பி.எட். என்பது ஏதாவது ஒரு பட்டம் முடித்த பிறகு படிக்கிற இரண்டு வருடப் படிப்பு. பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் டிப்ளமோவும் பட்டத்துக்குப் பிறகுதான். அந்தக் கதவு 21 வயதில் திறந்தே இருக்கும். கணக்குப் பிடித்த பெண்ணை 17 வயதில் அதற்குள் தள்ள அவசரமில்லை.

வீட்டிலிருந்து தொலைதூரக் கல்வி, நாள் முழுக்கப் பயிற்சி என்ற யோசனை அவளுடைய ஊர் கோச்சுடையது. குகேஷ் நான்காம் வகுப்போடு வழக்கமான பள்ளியை நிறுத்தியவர், 2024-ல் 18 வயதில் உலகச் சாம்பியன் என்று அவர் உதாரணம் காட்டினார். சதுரங்கத்தில் அது நடக்கும். தடகளத்தில் இந்த வழிக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, பலர் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்: இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் போட்டிகளில் முழுநேர ரெகுலர் மாணவர்கள் மட்டுமே கலந்துகொள்ள முடியும், வயது 17-லிருந்து 25 வரை. தொலைதூரக் கல்வியில் சேர்ந்த நிமிடம் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியும், அதன் வழியாக வரும் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டும் கையைவிட்டுப் போகும். ஜூனியர் வயது முடிந்து சீனியர் அளவில் இன்னும் காலூன்றாத 20 வயதுப் பெண்ணுக்கு நாடு முழுக்க உள்ள தன் வயதுக்காரர்களோடு ஓடக் கிடைக்கும் பெரிய மேடைகளில் ஒன்று அது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயன்ஸை இரண்டாவது படிப்பாகச் சேர்த்துக்கொள்ளலாமே என்று நானே யோசித்தேன். பாடம் ஆன்லைனில், தேர்வு நேரில், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில். மீட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். விட்டுவிட்டேன்.

வேலையை முதலில் பிடி என்பது என் பழைய அணித் தோழன் ஒருவன் சொன்னது. ரயில்வே, வங்கி, வருமான வரி, சுங்கம் எல்லாவற்றிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள்; தமிழக அரசு வேலைகளில் 3 சதவீதம் இருக்கிறது. வாலிபால், கபடி வீரர்கள் பலர் இருபது வயதில் ரயில்வேயில் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே அஞ்சல்வழியில் பட்டம் முடிக்கிறார்கள். வீட்டுக்கு வருமானம் தேவை என்றால் இதுவே சரி. எங்கள் பெண்ணின் இன்றைய டைமிங்குக்கு அந்த வேலை வராது. இன்னும் இரண்டு வருடம் ஓடி, தேசியப் பதக்கம் ஒன்று வந்தால் வரும். அந்த இரண்டு வருடத்தை எங்கே கழிப்பது என்பதுதான் எங்கள் கேள்வியே.

அமெரிக்கா மீது அவளுக்கே ஒரு கண். காரணம் தேஜஸ்வின் சங்கர். டெல்லித் தமிழ்க் குடும்பத்துப் பையன். கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே 2018-லும் 2022-லும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான என்.சி.ஏ.ஏ. உயரம் தாண்டுதல் பட்டம், 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் வெண்கலம், அப்புறம் டெலாய்ட்டில் வேலை. அவருக்கு முன்பே, சென்னையில் டென்னிஸ் பழகிய சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 இரண்டு வருடமும் என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் பட்டம் வென்றார்.

அங்கே என்னைக் கவர்ந்தது பணம்கூட இல்லை, விதி. போட்டிக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கோச் வேலை வாங்கக் கூடாது. என்.சி.ஏ.ஏ. கல்லூரிகளை மூன்று டிவிஷனாகப் பிரித்திருக்கிறது; முதல் டிவிஷனில் இரண்டாம் வருட முடிவில் பட்டத்துக்கான பாடங்களில் 40 சதவீதம், மூன்றாம் வருடம் 60, நான்காம் வருடம் 80 முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் களத்தில் இறங்க முடியாது. படிக்கவில்லை என்றால் அணிக்கு நஷ்டம். அதனால் படிக்கவைப்பது அணியின் கவலையாகிறது. நம் ஊரில் பி.டி. சாரும் துறைத் தலைவரும் எதிர் எதிர் கட்சி. அங்கே விதியே இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறது. இருபது மணி நேரம் என்பது நடைமுறையில் நீளும் என்று அங்கே ஓடியவர்கள் சொல்வதுண்டு, அது வேறு.

தடைகளையும் சொல்ல வேண்டும். 9-ஆம் வகுப்பிலிருந்து 12 வரையிலான முக்கியப் பாட மதிப்பெண்கள் தகுதிக் கணக்கில் வரும். பத்தாம் வகுப்பு முடித்த பிறகு யோசிக்கத் தொடங்கினாலே தாமதம்தான். பிளஸ் டூ முடித்து வருடக் கணக்கில் தள்ளிப்போட்டால் ஆடும் தகுதி குறையும். தடகளத்தில் முழு உதவித்தொகை அபூர்வம். பல வருடங்களாக ஆண்கள் அணிக்கு 12.6, பெண்கள் அணிக்கு 18 உதவித்தொகை என்று உச்சவரம்பு இருந்தது. அதைத்தான் முப்பது நாற்பது பேருக்குப் பிய்த்துக் கொடுத்தார்கள். வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025-ல் ஏற்பட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அதில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணியில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு வந்திருக்கிறது; மூன்றாம் டிவிஷனிலும், ஹார்வர்ட் மாதிரிப் பழம்பெரும் பல்கலைக்கழகங்களின் குழுவான ஐவி லீகிலும் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. பாதி உதவித்தொகை கிடைத்தால் மீதிப் பாதியை டாலரில் கட்ட வேண்டும். அக்கா வீட்டுக்காரர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவர். மேலும், அங்குள்ள கோச் முதலில் கேட்பது எலெக்ட்ரானிக் டைமிங். அவளுடைய 62.8 வினாடி அப்படி அளந்ததுதான், ஆனால் அது போதாது. "அறுபதுக்குக் கீழ வந்துட்டு எழுதறேன் மாமா" என்று அவளே ஒத்திவைத்தாள். இரண்டு வருடம் இங்கே படித்துவிட்டு இடம் மாறிப் போகவும் வழி உண்டு, ஆனால் ஆடும் காலம் அதற்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

எங்கள் கணக்கு

கடைசியில் கையில் இருந்தவை இரண்டு. கலந்தாய்வில் விளையாட்டுத் தரவரிசைப்படி கிடைக்கக்கூடிய ஒரு பொறியியல் கல்லூரி, கம்ப்யூட்டர் சயன்ஸ், ஊருக்கு வெளியே. இன்னொன்று, நகரத்துக்குள் ஒரு கலைக் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் சீட்டு, முதல் ஷிஃப்ட், பி.எஸ்சி. கணிதம். கிரவுண்டும் விடுதியும் ஒரே வளாகத்தில்.

டிராக்குக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தன்னாட்சிப் பொறியியல் கல்லூரி கிடைத்திருந்தால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். 179 கட்-ஆஃப் வாங்கிய பெண்ணால் அந்தப் படிப்பைத் தாங்க முடியும். எங்களுக்கு முன்னால் தரவரிசையில் இருந்தவர்களோடு அது முடிந்துவிட்டது.

ஒரு புதன்கிழமை அவளைக் கல்லூரிப் பஸ் ரூட்டில் கூட்டிப்போனேன். எந்த விளக்கமும் சொல்லவில்லை. கல்லூரிப் பஸ்ஸில் ஏற விடமாட்டார்கள் என்பதால் அதே நேரத்தில் அதே சாலையில் மாநகரப் பஸ். போக ஒரு மணி இருபது நிமிடம், வர ஒன்றே முக்கால். திரும்பும்போது சிக்னலில் நின்ற பஸ்ஸில் அவள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். இறங்கியதும், "இன்னிக்கு ஒண்ணுமே பண்ணல, ஆனா கால் கனக்குது" என்றாள்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குக் கலைக் கல்லூரி கிரவுண்டு. செம்மண் டிராக்தான், சிந்தெட்டிக் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போகிறார்களாம். நான் பேசவில்லை, அவளே கேட்டாள். வருடத்துக்கு எத்தனை மீட் சார்? தடை ஓட்டத்தைத் தவிர இன்னும் ஒன்றுதான் ஓடுவேன், ஒத்துக்கறீங்களா? எங்க ஊர் கோச் போட்டுத் தர்ற ஷெட்யூலை மாத்துவீங்களா? பி.டி. சார் விசிலைக் கையில் சுழற்றிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசியாக, "அடிபட்டா என் சீட் என்ன சார் ஆகும்?"

விசில் நின்றது. "ஒரு வருஷம் பார்ப்போம்மா. அதுக்கு மேல என் கையில இல்ல."

"அதை எழுதித் தருவீங்களா சார்?"

இருபது வருட சர்வீஸில் இப்படிக் கேட்ட முதல் ஆள் நீதான் என்று சிரித்தார். ஆனால் முதல்வரிடம் பேசி, இரண்டு நாள் கழித்து லெட்டர்ஹெட்டில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். ஓராண்டு வரை காயத்தால் ஆட முடியாவிட்டாலும் கட்டண விலக்கு தொடரும் என்று. அந்தக் காகிதத்தை அக்கா லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறாள். இருந்தாலும் கம்ப்யூட்டர் சயன்ஸை விட்டதில் அவளுக்கு இன்னும் மனசு ஆறவில்லை, பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்த செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு போன் வரும்.

கல்லூரி திறந்து பத்து நாள் ஆகிறது. நேற்று ராத்திரி அவளே கூப்பிட்டாள். பயிற்சி முடித்து வர எட்டு நாற்பது ஆகிறது, மெஸ் எட்டரைக்கு மூடிவிடுகிறார்கள். இதைக் கேட்க எப்படி மறந்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"விடுங்க மாமா, மெஸ் அண்ணன்கிட்ட பேசிட்டேன். ரெண்டு முட்டையோட தட்டை மூடி எடுத்து வைக்கறேன்னு சொல்லியிருக்காரு. அவர் பையனுக்கு ஞாயித்துக்கிழமை கணக்கு சொல்லித் தரணுமாம்."